இசைத்தட்டும் இஸ்னாதும்

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் கால்கொண்டது 1925ஆம் ஆண்டையொட்டி என்பர். குலாம் காதர், சத்தார் சாகிப் ஆகியோர் கல்கத்தாவில் கண்ட பின்னல் எந்திரத்தை இவ்வூருக்குக் கொணர்ந்தனர் என்பது தொழில் வரலாற்றார் கூற்று. அதே 1925 டிசம்பர் 25இல் இராமநாதபுரத்தில் பிறந்தவரே, பின்னர் 'இசைமுரசு' எனப் போற்றப்பெற்ற நாகூர் இ.எம். ஹனீபா. அன்றைய எச்.எம்.வி. இசைத்தட்டுகளும் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில்தான் அச்சாயின. பனியனும் பாட்டும் ஒரே திசையிலிருந்து இவ்வூருக்கு வந்தன எனலாம்.

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அவ்விசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். இரவு முழுதும் மவ்லிதும் முனாஜாத்தும் ஓதிப் பழகிய சமுதாயம், தன் பக்தியை ஒரு பல்லவியிலும் சில சரணங்களிலும் அடக்கக் கற்றது இக்கருவியால்தான். ஒலிபெருக்கியின்றியும் கூட்டத்தை எட்டும் ஹனீபாவின் உச்சக்குரலுக்கு இவ்வடிவம் பொருந்தியது. 1961இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் அவர் பாடியது, அக்குரலைச் சமய எல்லைக்கு அப்பாலும் கொண்டு சென்றது.

1980களில் ஒலிநாடா பரவியபோது பாட்டு பணியிடத்திற்குள் நுழைந்தது. ஓவர்லாக் எந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாக ஹனீபாவின் குரல் ஒலித்த பவர் டேபிள்களை நாம் கண்டிருக்கிறோம். அங்குத் தைத்துக்கொண்டிருந்தோரில் முஸ்லிமல்லாதாரும் உடன் முணுமுணுப்பர்.

இசை கூடுமா என்னும் வினா இங்கு எழாமலில்லை. ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் திருமணத்தில் சிறுமியர் தஃப் அடித்துப் பாடியதைப் புகாரி பதிவு செய்துள்ளது. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் ஸமாஉக்குத் தனி நூற்பகுதியே ஒதுக்கி, காலம், இடம், உடனிருப்போர் ஆகியவற்றை நோக்கி ஆய்ந்தார். இசைக்கருவிகளை அறவே விலக்கிய பேரறிஞர்களும் உளர். அவ்விவாதத்தை நாம் இங்கு முடிக்கப் போவதில்லை. ஆனால், விவாதத்தில் முனைந்த நாம் வேறொரு கடமையை மறந்தோம்.

'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாடலை அறியாத தமிழ் முஸ்லிம் அரிது. அதனை இயற்றியவர் ஆர். அப்துல் ஸலாம் என்பதை எத்தனை பேர் அறிவர்? ஒரு நபிமொழியின் அறிவிப்பாளர் தொடரில் ஒரு பெயர் விடுபட்டாலும் அதனை ஏற்கத் தயங்கும் கலையைக் கற்பிப்பவர்கள் நாம். அத்தகைய நாமே இப்பாடலைப் பல்லாண்டு கேட்டும், யார் எழுதியது என வினவவில்லை. ஒரு மாணவர் கேட்டபோதுதான் நம் அறியாமை நமக்கே புலப்பட்டது.

ஹனீபா 2015 ஏப்ரல் 8இல் மறைந்தார். அவர் குரல் கைப்பேசிகளில் வாழ்கிறது. ஆயின் கவிஞர், இசையமைப்பாளர் பெயர்களைத் தாங்கிய உறைகளும் தட்டின் நடுத்தாள்களும் அழிந்து வருகின்றன. ஒலிநாடாவின் காந்தப்பூச்சு ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். தாளோ அதற்கு முன்பே மங்கும். எனவே, இல்லத்துப் பரணில் ஒரு பழைய பேழை கிடப்பின், அதன் உறையிலுள்ள பெயர்களையேனும் படியெடுத்து வையுங்கள். குரலைக் காக்கப் பலர் உளர். இஸ்னாதைக் காப்பது நம் பொறுப்பு.