ரேடியோ செட் பழுது பார்த்த ஊர்

கோயம்புத்தூர்த் தெருக்களுக்குப் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வரும் முன்பே அங்கே சினிமா ஓடிக்கொண்டிருந்தது. கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914-இல் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையை இங்கே கட்டினார். அந்தத் தெரு இன்றும் வெரைட்டி ஹால் ரோடுதான். அப்போது ஊமைப்படக் காலம். 1931-இல் ‘காளிதாஸ்’ வந்து படம் பேசத் தொடங்கியதும், ஆம்பிளிஃபையர் வைக்காத கொட்டகைக்குப் பிழைப்பில்லை என்றாகிவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. 1945-இல் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோவும் சேர்ந்தது. ஒலிப்பதிவுக் கருவி பழுதானால் படப்பிடிப்பு நின்றுபோகும். மெட்ராஸிலிருந்து ஆள் வரும்வரை யாரும் காத்திருக்க முடியாது. அதனால் உள்ளூரிலேயே கை வைக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

அந்தக் கைகளுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. கிணறுகளில் பம்பு செட்டுகள் இறங்கின. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி.நாயுடுவும் செய்த மோட்டாரை இந்தியாவின் முதல் உள்நாட்டு மோட்டார் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். மோட்டார் இருக்கும் ஊரில் மோட்டார் எரியும். எரிந்தால் காயில் கட்ட ஆள் வேண்டும். செம்புக் கம்பியின் கேஜ் பார்த்து, சுற்று எண்ணி, வார்னிஷ் பூசி உலர்த்தும் வேலை கொங்கு நாட்டில் சிற்றூர் வரை பரவியது. ஆம்பிளிஃபையருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் இரும்புத் தகட்டின் மேல் சுற்றிய செம்புக் கம்பிதான். மற்ற ஊர்களில் ‘அவுட்புட் போச்சு’ என்றால் புதிது வாங்கி வர வேண்டும். இங்கே அதைப் பிரித்து எண்ணிச் சுற்றிவிடலாம். ஒலிக்கருவி பழுது பார்ப்பதில் கோவை தன் காலில் நின்றதற்கு இதுவே பெரிய காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஐந்து வால்வு ரேடியோ ஒன்றை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று ஜி.டி.நாயுடு 1941-இல் அறிவித்தார். யூ.எம்.எஸ். என்ற பெயரில் வந்த ரேடியோ கோவையின் பெயரைத் தாங்கி வீடுகளுக்குள் போனது. 1945-இல் அவருடைய நன்கொடையில் தொடங்கிய ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக், மின்சாரம் படித்த பையன்களைப் பட்டறைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. பாலிடெக்னிக் வேறு இடம், வேறு பெயர் என்று மாறிவிட்டாலும், பீளமேட்டில் பஸ் நிறுத்தத்துக்கு இன்னமும் ‘ஹோப் காலேஜ்’ என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள்.

ஆனால் இந்தத் தொழிலுக்குச் சோறு போட்டது கச்சேரி மேடையும் ஸ்டுடியோவும் அல்ல, ரேடியோ செட். கொங்குப் பக்கத்தில் மைக் செட்டுக்கு அதுதான் பெயர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம் எதுவானாலும் முதல் நாளே வண்டியில் செட் வந்து இறங்கும். வேப்பமரத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார்கள். மின்கம்பி எட்டாத தோட்டத்துச் சாளையில் கார் பேட்டரியில் ஓட்டுவார்கள். 12 வோல்ட்டிலும் ஓடும்படி அகுஜா போன்ற கம்பெனிகள் செய்த ஆம்பிளிஃபையர்கள் இப்படிப்பட்ட ஊர்களுக்குக் கைகொடுத்தன. முகூர்த்த மாதம் முடிந்ததும் பட்டறையில் செட்டுகள் குவியும்.

பழுது பார்க்கிறவர் முதலில் நாடுவது மீட்டரை அல்ல, காதை. ‘ஹம்’ என்று அடித் தொண்டையில் முனகினால் பவர் பகுதியின் கண்டன்சர் காய்ந்துவிட்டது. வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் கண்ட்ரோலுக்குள் தூசி. வால்வின் தகடு செக்கச்செவேல் என்று சிவந்தால் இணைப்புக் கண்டன்சர் ஒழுகுகிறது; உடனே அணைக்காவிட்டால் வால்வோடு டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும். பெட்டியை முதல் தடவை உயிர்ப்பிக்க மேசையில் ஒரு சீரிஸ் லாம்பு தொங்கும். நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு அதன் வழியாகத்தான் மின்சாரம் கொடுப்பார்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் பயமில்லை. மங்காமல் பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். இதைவிட மலிவான சோதனைக் கருவி இன்றுவரை வரவில்லை.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 2என்3055 என்ற இரும்புத் தொப்பிக்காரன் மேடை ஆம்பிளிஃபையர்களில் குடியேறினான். சூடாக வேண்டியதில்லை, உடையாது, மலிவு. ஆனால் ஸ்பீக்கர் கம்பி ஷார்ட் ஆனால் பொறுக்கமாட்டான். கண்ணிமைக்கும் நேரத்தில் செத்துப்போவான். மாற்றும்போது அடியில் அபிரகத் தகடு வைக்க மறந்தால் புதியதும் அந்த நிமிடமே போகும். தொழில் கற்கும் பையன் முதலில் திட்டு வாங்குவது பெரும்பாலும் இந்தத் தகட்டுக்காகத்தான்.

மெல்லிசைக் குழுக்களோடும் தேவாலயங்களோடும் எலெக்ட்ரிக் கிட்டார் ஊருக்குள் வந்தபோதும் பட்டறை தடுமாறவில்லை. கிட்டாரின் பிக்கப்பும் காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிதான். தடுமாற்றம் ‘மாடலிங்’ கருவிகளால் வந்தது. 1995-இல் ரோலண்ட் விஜி-8 வந்தது. 1996-இல் லைன் 6 தன் முதல் மாடலிங் ஆம்பிளிஃபையரை விற்பனைக்கு விட்டது. பழைய வால்வு ஆம்பிளிஃபையரின் குரலைக் கணக்குப் போட்டு ஒரு சிப் உண்டாக்குகிறது. 2000களின் தொடக்கத்தில் வந்த வேரியாக்ஸ் கிட்டாருக்குள்ளேயே சர்க்யூட் போர்டு. ஒவ்வொரு தந்திக்கும் தனி உணரி. உருப்படாது என்று எடைக்குப் போட்ட வால்வுப் பெட்டியின் ஓசைக்காகவே இப்போது ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள் என்பது வேடிக்கைதான்.

மாடலிங் பெட்டி ஊமையானால் சீரிஸ் லாம்பு பாதி வழிதான் கூட வரும். சிப் போனாலோ உள்ளிருக்கும் நிரல் கெட்டாலோ உள்ளூர்க் கைக்கு வேலையில்லை. முழு போர்டையும் மாற்று என்பார்கள். அது கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது. இருந்தாலும் எல்லாப் பழுதும் அந்த ரகமல்ல. வயரை இழுத்து இழுத்து ஜாக்கின் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கும். ரிப்பன் கேபிள் நழுவியிருக்கும். வோல்டேஜ் ஏறி பவர் சப்ளை எரிந்திருக்கும். சிலவற்றில் குறிப்பிட்ட பொத்தான்களை அழுத்தியபடி ஆன் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். போர்டை மாற்றச் சொன்ன பெட்டியை ஈயம் வைத்தே பிழைக்க வைக்க முடிவது அதனால்தான்.

தடையாக நிற்பது திறமைக் குறைவு அல்ல. சர்க்யூட் படம் வெளியே வருவதில்லை. வால்வுக் காலத்து ரேடியோக்கள் பலவற்றின் படம் பெட்டிக்குள்ளேயே ஒட்டியிருக்கும். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022-இல் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் இணையத்தளமும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன் வகைகள், வீட்டுச் சாதனம், வாகனம் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். இசைக்கருவிக்குத் தனி இடம் இல்லை.

பரணில் தாத்தா காலத்து வால்வு செட் இருந்தால், ஆசைப்பட்டு நேரே பிளக்கில் செருகாதீர்கள். பிரித்துப் பார்க்கவும் வேண்டாம்; ஓட்டி அணைத்த பின்பும் அதன் கண்டன்சர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். சீரிஸ் லாம்பு வைத்திருக்கும் கடைக்கு எடுத்துப் போங்கள்.