ஒளிப்படக் கருவியின் தொடக்க வரலாறு

கேமரா எனப்படும் ஒளிப்படக் கருவி 19ஆம் நூற்றாண்டில் தோன்றியதாகப் பலரும் கருதுகின்றனர். பெட்டியைப் பொறுத்தவரை இது சரியன்று. இருட்டறையின் சுவரில் ஒரு சிறு துளையிட்டால் வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். ஒளி நேர்கோட்டில் செல்வதால், மரத்தின் உச்சியிலிருந்து வரும் கதிர் துளையைக் கடந்து கீழேயும், அடியிலிருந்து வரும் கதிர் மேலேயும் போய்ச் சேர்கின்றன. அரபு அறிஞர் இப்னு அல் ஹைதம் 11ஆம் நூற்றாண்டிலேயே இதனை ஆராய்ந்தார். 16ஆம் நூற்றாண்டில் துளையில் வில்லை பொருத்தப்பட்டது. அறை சுருங்கிப் பெட்டியானது. ஓவியர்கள் அதில் விழுந்த பிம்பத்தைத் தாளில் வரைந்துகொண்டனர். ஆனால் துளையை மூடியதும் பிம்பம் மறைந்துவிடும். அதை நிலைநிறுத்தும் வழிதான் நெடுங்காலம் கிட்டவில்லை.

அவ்வழியை முதலில் கண்டவர் பிரான்சைச் சேர்ந்த நிசெபோர் நியெப்ஸ். ஒருவகைத் தார் ஒளி பட்டால் இறுகும். அதை வெள்ளீயக் கலவைத் தகட்டில் பூசி, 1826 அல்லது 1827இல், தம் வீட்டுச் சன்னல் வழியே தெரிந்த காட்சியைப் பதிவு செய்தார். இறுகாத தாரை லாவெண்டர் எண்ணெய் கலந்த கரைப்பானால் கழுவி நீக்கினார். பதிவுக்குக் குறைந்தது 8 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். படத்தில் கட்டடங்களின் இருபுறமும் வெயில் விழுந்திருப்பதைக் காணலாம்!

1829இல் லூயி டாகெர் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். 1833இல் நியெப்ஸ் காலமானார். டாகெர் ஆய்வைத் தொடர்ந்து, வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி ஒளியுணரச் செய்தார். ஒளி பட்ட தகட்டைப் பாதரச ஆவியில் காட்டியதும் மறைந்திருந்த உருவம் வெளிப்பட்டது. மணிக்கணக்கு நிமிடக்கணக்காகக் குறைந்தது. 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிசில் இம்முறை வெளியிடப்பட்டது. பிரெஞ்சு அரசு டாகெருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், நியெப்சின் மகனுக்கு 4,000 பிராங்கும் உதவித்தொகை வழங்கியது. பெயரோ 'டாகெரோடைப்' என்றே நின்றது. முதலில் வழி கண்டவருக்கு இது நியாயமாகாது.

டாகெரின் படத்திலும் ஒரு குறை உண்டு: ஒரு தகட்டில் ஒரே படம்தான், நகலெடுக்க இயலாது. இங்கிலாந்தின் டால்பட் தாளில் எதிர்ப்படம் எடுத்து, அதிலிருந்து எத்தனை நகலும் அச்சிடலாம் என்று காட்டினார். பின்னாளைய படச்சுருள் இவ்வழியில் வந்ததே. படத்தை நிலைப்படுத்த ஜான் ஹெர்ஷல் பரிந்துரைத்த 'ஹைப்போ' கரைசல் 20ஆம் நூற்றாண்டிலும் இருட்டறைகளில் பயன்பட்டது.

நியெப்சின் தகடு நெடுங்காலம் காணாமற் போயிருந்து, 1952இல் மீண்டும் கிடைத்தது. இப்போது அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளது. சற்றுச் சாய்வாகப் பார்த்தால்தான் அதிலுள்ள கூரைகள் கண்ணுக்குத் தெரியும்.