நீலகிரிப் பட்டையும் நான்கு மருந்துகளும்

மலேரியாக் காய்ச்சலுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்கண்ட மருந்து சிங்கோனா மரப்பட்டை. தென் அமெரிக்காவிலிருந்து கிளெமென்ட்ஸ் மார்க்கம் முயற்சியால் வந்த கன்றுகளை 1860களில் நீலகிரியில் வளர்த்தவர் மெக்ஐவர். மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றாக உரித்து, அந்த இடத்தைப் பாசியால் மூடிவைப்பார், புதுப்பட்டை வளரும்.

நீலகிரியில் செழித்த செம்பட்டை மரத்தில், பட்டையின் முதன்மை மருந்துச் சத்தான ஆல்கலாய்டு குயினைன் குறைவு. சிங்கோனிடின் போன்ற உடன்பிறந்த ஆல்கலாய்டுகளே அதிகம். குயினைனோ ஏழைக்கு எட்டாத விலை. மற்றவையும் காய்ச்சலைத் தணிக்குமா என்றறிய 1866இல் சென்னை உள்ளிட்ட மூன்று மாகாணங்களிலும் மருத்துவக் குழுக்கள் அமைந்தன. சென்னைக் குழு சுமார் 2,470 நோயாளிகளுக்குப் பட்டையின் நான்கு ஆல்கலாய்டுகளையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தது. ஆயிரம் பேரில் பலிக்காமல் போனது குயினிடினில் 6, குயினைனில் 7, சிங்கோனிடினில் 10, சிங்கோனினில் 23. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கும் வழக்கமோ, ரத்தத்தில் கிருமியைத் தேடும் வழியோ இல்லாத காலம் அது. லாவெரான் அந்தக் கிருமியைக் கண்டதே 1880இல்தான். ஆயினும் மருந்துகளை எண்களால் ஒப்பிட்ட துணிவு பெரிது. மற்ற ஆல்கலாய்டுகளும் பலிக்கும் என்று தெரிந்தபின், 1870களில் வங்காள அரசு, ஆல்கலாய்டுகள் கலந்த மலிவான சிங்கோனாத் தூளைத் தயாரிக்கத் தொடங்கியது.