ஒரு நிமிஷச் சோதனை

விருதுபட்டி விருதுநகராகப் பெயர் மாறிய அதே 1923-ஆம் ஆண்டில்தான், கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொழிற்சாலை கண்டனர். மழையை நம்ப முடியாத அந்தக் கரிசல் பூமியின் ஸ்திரீகள், ‘ஆபீஸ்’ என்றே இன்றும் அழைக்கப்படும் கொட்டகைகளில் கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும், பிற்பாடு பட்டாசுக்குக் குழாய் சுருட்டியும், எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி வந்திருக்கிறார்கள். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. இந்தக் கணக்கை மறந்துவிட்டு அவர்களுடைய ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுவது வீண்.

தீயின் அபாயத்துக்கு ஆபீஸ் சுவரில் எச்சரிக்கைப் பலகை உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோ, வைரஸ் தொற்றிப் பல ஆண்டுகள் வலியே காட்டாமல் முற்றுகிற வியாதி. வெள்ளைப்படுகிறது என்று சொல்லக் கூசுகிறவள், உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு மறுநாள் கட்டை அடுக்கப் போய்விடுவாள்.

இந்நோயை முன்கூட்டியே கண்டறிய டாக்டர் பாப்பனிகொலாவ் 1943-இல் விளக்கிய பரிசோதனைக்கு நுண்ணோக்கியும் தேர்ந்த கண்ணும் வேண்டும். முடிவை அறிய மறுபடி வரவும் வேண்டும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் பிரயத்தனத்தால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தபோதும், கிராமாந்தரத்துக்கு அது எட்டாத தூரமே.

அந்தத் தூரத்தைக் குறைத்த காரியம், மதுரைக்கு அப்பால் திண்டுக்கல் ஜில்லாவில் நடந்தது. அடையாறு நிலையமும் அம்பிளிக்கை கிறித்தவ ஆஸ்பத்திரியும் லியோன் நகரத்துச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுப் பெண்களைச் சோதிக்கச் செவிலியரையே பழக்கின. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், கோளாறுள்ள இடம் வெளுத்துக் காட்டும். சமையற்கட்டுக் காடியின் புளிப்பும் அதே அமிலந்தான். தக்கவர்களுக்கு உறைகுளிர்ச் சிகிச்சையும் அன்றே முடிந்தது. சோதனை நடந்த கிராமங்களில் இந்நோயால் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியாயிற்று. வழக்கமான வைத்தியத்தோடு மட்டும் விடப்பட்ட ஒப்பீட்டுக் கிராமங்களின் 30,958 பெண்களை நினைக்கும்போது அந்த வெற்றி எனக்குச் சற்று உறுத்தவும் செய்கிறது.

தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு ஒத்திகை பார்த்த பிறகு, இம்முறை மாநிலமெங்கும் பரவி விருதுநகர் ஜில்லாவுக்கும் வந்தது. ஆனால் திண்டுக்கல்லிலேயே அழைக்கப்பட்ட 49,311 பேரில் வந்தவர்கள் 31,343 பேர்தாம். வராதவர்களை அறியாமைக் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். சோதனைக்கு ஒரு நிமிஷமானாலும் பஸ்ஸுக்கும் வரிசைக்கும் அரை நாள் ஆகுமே. அந்த அரை நாளில் எத்தனை கட்டை அடுக்கியிருக்கலாம் என்பதைச் சிவகாசிப் பெண்ணுக்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.