கறளுக்கு சீசன் இல்ல: கல்பிட்டிப் பக்கத்து பைக்குகளின் கதை

குளிர் நாடுகளில் வீதியில் உறையும் பனியை உருக்க உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு இரும்பைத் தின்னும். அதனால் பலர் குளிர்காலத்தில் பைக்கைக் கராஜில் ஏற்றிவிடுவார்கள். ஓடாத அந்த மாசங்களில் டேங்க், மட்காட், சைட் கவர் எல்லாத்தையும் கழற்றி, பெயின்ட் அடித்து, வெயில் வந்ததும் திரும்பப் பூட்டுவார்கள்.

கல்பிட்டியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. புத்தளம் போற வழியில பாலாவியில் உப்பளம். உப்பை யாரும் கொட்டத் தேவையில்ல, பன்னிரண்டு மாசமும் காற்றிலேயே வருது. ஆனா பைக்கை நிறுத்திவைக்க எங்களுக்கு ஒரு மாசம்கூட இல்ல. மீன் பெட்டி கட்டுறதும் அதில்தான், பிள்ளையை ஸ்கூலில் இறக்குறதும் அதில்தான்.

அப்படியென்றால் இங்கே பைக்கை எப்போது கழற்றினார்கள்? வரலாற்றைப் பார்த்தால், அதைப் பெரும்பாலும் முடிவு செய்தது கொழும்பின் இறக்குமதிக் கொள்கை என்றுதான் எனக்குத் தோணுது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ ஆட்சியில் அது இன்னும் இறுகியது. புது வண்டி கனவு, பார்ட்ஸ் அரிது, இருக்கிறதைச் சுரண்டிப் பூசி ஓட்டணும். 1977இல் பொருளாதாரம் திறந்த பிறகு ஜப்பான் பைக்குகள் வந்து குவிந்தன, பின்னாடி இந்திய பைக்குகளும்.

கதவு திறந்ததால் எல்லோருக்கும் புதுசு கிடைத்ததா? 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்ப் பக்கத்து ஆட்கள் பலர் படகில் கல்பிட்டியில் வந்து இறங்கினார்கள். வீடு, கடை, வாகனம் எல்லாம் அங்கேயே. முகாமில் பூச்சியத்திலிருந்து தொடங்கிய ஒருவருக்கு, எப்பவாவது ஒரு பைக் வாங்க முடிந்தாலும் அது பழையதாகத்தானே இருக்கும்?

2020 மார்ச்சில் கதவு மறுபடி மூடியது. வாகன இறக்குமதி நிறுத்தம். 2022இல் பெற்றோலும் இல்ல. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீட்டர்தான். பைக்குகள் முற்றத்தில் நின்றன. எங்கட ஊர் பார்த்த ஒரே 'வின்டர்' அதுதான். ஆனா பெயின்ட் வாங்கக் காசு யாரிட்ட இருந்தது?

நின்ற பைக் ஓடுற பைக்கைவிடச் சீக்கிரம் கெடும். உப்புத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அதுக்குள்ளால இறங்கி அடி இரும்பைப் பிடிக்கும். ரிம், ஸ்போக், மட்காட்டின் உள்மடிப்பு, டேங்கின் அடிவிளிம்பு, இதெல்லாம் கழற்றினால்தான் தெரியும். கழற்றியதும் எமரி பேப்பரைத் தூக்கக் கூடாது. முதலில் நல்ல தண்ணீரில் கழுவணும். கரைச்சல் என்று இதை விட்டால், உப்பு பிரைமருக்கு அடியில் மாட்டிக்கொண்டு ஈரத்தை உறிஞ்சும், புதுப் பெயின்ட் கொப்புளம் போடும். சோழகக் காற்றில் பெயின்ட் அடித்தால் மணல் ஒட்டும், மாரியில் அடித்தால் காயாது. நடுவில் கிடைக்கும் சில வாரங்கள்தான் கணக்கு.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தது. ஆனா ரூபாய் விழுந்த விழுகையில், வரியும் சேர்ந்து, புது பைக்கின் விலை பழைய ஆட்களின் கைக்கு எட்டல. எமரி பேப்பர் இன்னும் விற்குது.