பனிச்சறுக்கு உடை

பனிச்சறுக்கு உடை என்பது வெண்பனி மூடிய மலைச்சரிவுகளில் கீழ்நோக்கிச் சறுக்கிச் செல்வோர் அணியும் உடைகளையும் காப்புக் கருவிகளையும் குறிக்கும். குளிர், காற்று, ஈரம், சூரிய ஒளி, மோதல் ஆகியவற்றில் இருந்து உடலைக் காப்பது இதன் பயன் ஆகும். தேர்ந்தவர்களை விடப் புதிதாகப் பழகுபவர்களுக்கே இவ்வுடையின் தேவை மிகுதி எனலாம். பழகுபவர் அடிக்கடி விழுகின்றார். பனியில் இருந்து எழ முயன்று வியர்க்கின்றார். பின்னர் தம் முறை வரும் வரை அசையாது காத்து நிற்கின்றார். எனவே அவருடைய உடை தடிமனாக இருப்பதை விட, உலர்ந்த நிலையில் இருப்பதே முதன்மையானது.

ஈரமும் குளிரும்

உடை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்கும் வெப்பம் வெளியேறும் வேகத்தையே அது குறைக்கின்றது. இழைகளுக்கு இடையே அசையாது நிற்கும் காற்று இதற்குத் துணை செய்கின்றது. நீரோ காற்றை விட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தக் கூடியது. ஆகவே இழைகளில் காற்று இருந்த இடத்தை வியர்வையோ உருகிய பனியோ நிரப்பினால், எவ்வளவு தடித்த உடையும் பயனற்றதாகி விடும்.

பருத்தி நீரை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும், மெதுவாகவே உலரும். வெப்ப நாடுகளில் உடலைக் குளிர்விக்கும் இப்பண்பே பனிமலையில் தீங்காக அமைகின்றது. எனவே ஜீன்ஸ், பருத்தி பனியன், பருத்திக் காலுறை ஆகியவை பனிச்சறுக்குக்கு ஏற்றவை அல்ல. உடலின் உள் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது தாழ்வெப்பநிலை எனப்படும். அடக்க இயலாத நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள் ஆகும்.

மூன்று அடுக்குகள்

ஒரே தடித்த மேலங்கிக்குப் பதிலாக மூன்று அடுக்குகளாக உடுத்துவது வழக்கம். வெப்பம் மிகும்போது ஓர் அடுக்கைக் கழற்றவும், குளிரும்போது மீண்டும் அணியவும் இது வசதியானது.

உள் அடுக்கு: உடலை ஒட்டி இருக்கும். மெரினோ ஆட்டுக் கம்பளி அல்லது பாலியெஸ்டரால் ஆனது. வியர்வையைத் தோலில் இருந்து அகற்றுவது இதன் வேலை ஆகும்.

நடு அடுக்கு: காற்றைப் பிடித்து வைத்து வெப்பத்தைக் காக்கும். பிளீஸ் எனப்படும் மென்மயிர்த் துணியாலான சட்டை பெரிதும் பயன்படுகின்றது.

வெளி அடுக்கு: நீரையும் காற்றையும் தடுக்கும் மேலங்கியும் காற்சட்டையும் ஆகும். 1969 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ராபர்ட் கோர் கண்டறிந்த நுண்துளைப் படலம் இவ்வகைத் துணிகளில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது. அப்படலத்தின் துளைகள் நீர்த்துளி புக முடியாத அளவுக்குச் சிறியவை. ஆனால் வியர்வையின் நீராவி வெளியேறப் போதுமானவை.

பழகுபவர் பனியில் அமர நேர்வதால், நீர் புகாத காற்சட்டை மேலங்கியைப் போலவே இன்றியமையாதது. காற்சட்டையின் கீழ்ப்பகுதியில் உள்ள மீள்பட்டையைக் காலணியின் மேல் இழுத்து விட்டால் பனி உள்ளே புகாது.

காலுறையும் காலணியும்

குளிருக்கு அஞ்சி இரண்டு காலுறைகளை அணிவது பலரும் செய்யும் தவறு ஆகும். காலணிக்குள் மடிப்புகள் ஏற்பட்டுப் புண் உண்டாகும்; இறுக்கத்தால் குருதியோட்டம் குறைந்து விரல்கள் மேலும் குளிரும். முழங்கால் வரை நீண்ட, கம்பளி கலந்த ஒரு சோடிக் காலுறையே போதுமானது. காலணிக்குள் காலுறையைத் தவிர வேறு எந்த உடையும் செல்லக் கூடாது.

காலணி சரியான அளவில் இருந்தால், நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல்கள் முன்புறத்தை இலேசாகத் தொடும். முழங்காலை முன்னோக்கி மடக்கும்போது விலகும். குதிகால் மேலெழக் கூடாது.

கைகள்

கையுறை நீர் புகாததாக இருத்தல் வேண்டும். விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் வகை கூடுதல் வெப்பம் தரும். சறுக்குப் பலகைகளின் உலோக விளிம்புகள் கூர்மையானவை என்பதால், விழும்போது வெட்டுக் காயங்களில் இருந்தும் கையுறை காக்கின்றது.

கண்களும் தோலும்

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 விழுக்காடு மிகுகின்றது. புதிய வெண்பனி இக்கதிர்களில் 80 விழுக்காடு வரை எதிரொளிக்கக் கூடியது. இதனால் விழிவெண்படலம் புண்பட்டு, பனிக்குருடு எனப்படும் வலிமிகுந்த தற்காலிகப் பார்வைக் குறைவு ஏற்படலாம். மேகமூட்டமான நாளிலும் காப்புக் கண்ணாடியும் முகத்தில் வெயில் தடுப்புக் களிம்பும் தேவை. எதிரொளிப்பு கீழிருந்து வருவதால் தாடையின் அடிப்பகுதியிலும் களிம்பு பூச வேண்டும். மூக்குக் கண்ணாடி அணிவோருக்கு, அதன் மேலேயே அணியத்தக்க அகன்ற காப்புக் கண்ணாடிகள் உள்ளன.

தலைக்கவசம்

2009 மார்ச் 16 அன்று, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள மோன் திரம்பிளான் மலையில், பிரித்தானிய நடிகை நடாசா ரிச்சர்ட்சன் பயிற்சியின்போது பழகுநர் சரிவில் விழுந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. தொடக்கத்தில் நலமாகவே காணப்பட்ட அவர், மண்டையோட்டினுள் ஏற்பட்ட குருதிக்கசிவால் இரு நாட்களில் இறந்தார். எளிய சரிவிலும் தலைக்காயம் உயிரைப் பறிக்கலாம் என்பதை இது காட்டியது.

இத்தாலியில் 2005 ஆம் ஆண்டில் 14 வயதுக்குட்பட்டோருக்குத் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. தலைக்கவசம் எல்லாக் காயங்களையும் தடுப்பதில்லை. எனவே தலையில் அடிபட்டவர், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரை நாட வேண்டும்.

இந்தியாவில்

காசுமீரின் குல்மார்க்கு, உத்தராகண்டத்தின் ஔலி ஆகியவை இந்தியாவின் அறியப்பட்ட பனிச்சறுக்கு இடங்கள் ஆகும். குல்மார்க்கு ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள கம்பிவட ஊர்தி ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை செல்கின்றது. பழகுபவர்களுக்கு ஊரை ஒட்டிய மென்சரிவுகளே ஏற்றவை. சறுக்குப் பலகை, காலணி, மேலங்கி ஆகியவற்றை அங்கு வாடகைக்குப் பெறலாம். ஆனால் உள் அடுக்கு, காலுறை, கையுறை ஆகியவற்றைச் சொந்தமாகக் கொண்டு செல்வது நன்று.

தவிர்க்க வேண்டியவை

* தொங்கும் கழுத்துத் துண்டு, நீண்ட துப்பட்டா: கம்பிவட நாற்காலியில் சிக்கிக் கழுத்தை இறுக்கக் கூடும். குழாய் வடிவக் கழுத்துறை பாதுகாப்பானது.
* சேலை, வேட்டி போன்ற தளர்ந்த உடைகள்: பனியில் நனைவதோடு பலகைகளிலும் சிக்கும்.
* தலைக்கவசத்தினுள் தடித்த கம்பளித் தொப்பி: கவசம் தலையில் சரியாகப் பொருந்தாது.
* நனைந்த கையுறை, காலுறை: மாற்றுச் சோடி ஒன்றை எப்போதும் உடன் வைத்திருத்தல் வேண்டும்.