ஏழு அங்குல வட்டம்: அந்தமானின் அந்திப்பொழுதும் முகப்பு விளக்கின் வரலாறும்

டிசம்பர் முதல் வாரத்தில் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) மாலை ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறது. அதே நாளில் சென்னையில் அந்தி சாய மேலும் முக்கால் மணி நேரம் ஆகும். இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேரோ 92.7 பாகையை ஒட்டி அமைந்துள்ளது. இந்த இடைவெளி ஏறத்தாழ 41 நிமிடங்களுக்குச் சமம். கடிகாரம் பெருநிலத்துடையது, இருள் தீவினுடையது. வாகன விளக்குகளுக்கான விதியோ கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. சூரிய மறைவுக்கு அரை மணி நேரத்திற்குப் பின் விளக்கு எரியவேண்டும் என்றே அது கூறுகிறது. ஆகவே இத்தீவுகளில் ஓடும் பழைய பிக்கப் வண்டிக்கு முகப்பு விளக்கு அழகுப் பொருளன்று. அலுவலகம் முடியும் வேளையிலேயே அதன் பணி தொடங்கிவிடுகிறது.

அவ்விளக்கின் வடிவத்திற்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்ககால மோட்டார் வண்டிகள் கார்பைடு விளக்குகளைச் சுமந்தன. மின்விளக்கு வந்தபின்னும் பிரதிபலிப்பான் காற்றிலும் ஈரத்திலும் மங்கியது. இதற்கு விடையாக 1940இல் அமெரிக்காவில் 'சீல்டு பீம்' விளக்கு பொதுவழக்குக்கு வந்தது. கண்ணாடி, பிரதிபலிப்பான், இழை மூன்றும் காற்றுப் புகாத ஒரே கூடாக இணைக்கப்பட்டன. அதன் விட்டம் ஏழு அங்குலம், அதாவது 178 மில்லிமீட்டர். போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் விளக்குகள் இதைவிடச் சிறியவை. கீலில் திருப்பி இயந்திரத்தின் மேல் ஒளி பாய்ச்சவும் அவை உதவின. 1945இல் பொதுமக்களுக்கான சிஜே-2ஏ வந்தபோது பெரிய விளக்குகளுக்கு இடம் தேவைப்பட்டது. ஒன்பது பிளவுகள் கொண்ட முன்தட்டி ஏழாகக் குறைந்தது. இன்று ஜீப்பின் அடையாளமாகப் போற்றப்படும் முகம், உண்மையில் ஒரு விளக்கு மேம்பாட்டின் விளைவு. விடுதலைக்குப் பின் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தத் தொடங்கியது. அவற்றோடு அந்த ஏழு அங்குல வட்டமும் இந்நாட்டின் பணிமனைகளுக்குப் பழக்கமாயிற்று.

அடுத்த மாற்றம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1962இல் முதல் ஹாலஜன் விளக்கு. 1971இல் ஒரே பல்பில் இரு இழைகள் கொண்ட எச்4. மேல் ஒளிக்கு 60 வாட், தாழ் ஒளிக்கு 55 வாட். பழைய ஏழு அங்குலக் குழியிலேயே இது பொருந்தியதால், வண்டியின் முகம் மாறாமல் ஒளி மட்டும் மாறியது. அமெரிக்கச் சட்டமோ 1983 வரை சீல்டு பீமையே கட்டாயமாக்கியிருந்தது. ஆயினும் இம்மேம்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. பல்பைத் தனியே மாற்ற முடிகிறது என்றால், விளக்குக்கூட்டின் பின்புறம் திறக்கப்படுகிறது என்று பொருள். பின்புற ரப்பர் உறை விரிசல் கண்டால் உப்புக்காற்று உள்ளே புகுந்து பிரதிபலிப்பானை அரிக்கும். கடல் சூழ்ந்த நிலத்தில் பழைய கூட்டின் குறை, அதாவது இழை அறுந்தால் முழுவதையும் வீசவேண்டும் என்பது, ஒரு காப்பாகவும் இருந்தது.

பழைய வண்டியின் மங்கலுக்குப் பல வேளைகளில் பல்பு காரணமன்று, கம்பியே காரணம். ஐம்பதுகளின் வில்லிஸ் வண்டிகள் பல 6 வோல்ட் மின்னமைப்பு கொண்டவை. அதே வாட் ஒளிக்கு 12 வோல்ட் வண்டியைப்போல் இருமடங்கு மின்னோட்டம் அவற்றில் பாயவேண்டும். அத்தனையும் முகப்புப் பலகைச் சுவிட்ச் வழியே சென்று திரும்பும்போது, துருப்பிடித்த எர்த் இணைப்புகளில் மின்னழுத்தம் வீணாகிறது. இழைவிளக்கில் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். எனவே பட்டறிவுள்ள எலக்ட்ரீசியன் முதலில் பல்பை மாற்றுவதில்லை. எர்த்தைச் சுத்தம் செய்கிறார். பேட்டரியிலிருந்து நேரடிக் கம்பியிட்டு ரிலே பொருத்துகிறார். சுவிட்ச் அப்போது ஆணை மட்டும் இடுகிறது. மின்னோட்டச் சுமையை ரிலே ஏற்கிறது.

இழைக்கென வடிவமைத்த கூட்டில் எல்இடி பல்பைச் செருகுவது இன்று பரவலான வழக்கம். பிரதிபலிப்பானின் வளைவு முழுவதும் இழை இருக்கும் புள்ளியைக் கொண்டே கணக்கிடப்பட்டது. ஒளிமூலத்தின் அளவும் இடமும் மாறினால் ஒளி சாலையை விட்டு எதிரில் வருபவரின் கண்ணில் சிதறும். இடப்புறம் செல்லும் நம் நாட்டில், வலப்புறப் போக்குவரத்துக்கான கண்ணாடி பொருத்தினாலும் அதே தீங்கு. ஒருகாலத்தில் நம் சாலைகளில் விளக்கின் மேற்பாதிக்குக் கறுப்பு வண்ணம் பூசியதும், இன்றும் ஓட்டுநர்கள் 'டிம் அடி' என்று ஒருவருக்கொருவர் வேண்டுவதும் இதன் சான்றுகள். முகப்பு விளக்கின் வரலாறு முழுவதும் தான் காண்பதற்கும் பிறரைக் குருடாக்காமல் இருப்பதற்கும் இடையிலான பேரம்தான்.

2021இல் நடுவண் அரசு வெளியிட்ட விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்து மூல வடிவில் பேணப்படும் வண்டிகளைத் தொன்மை வாகனங்களாக ஏற்று 'விஏ' எழுத்துகள் கொண்ட பதிவெண் வழங்குகின்றன. அடிச்சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெரும் மாற்றம் கூடாது. பணிமனையில் பேணவேண்டிய நெறி இதிலிருந்தே புலப்படும்: ஏழு அங்குல வட்டத்தை வைத்துக்கொள்க, ரிலே, கம்பி போன்று மீண்டும் கழற்றக்கூடியவற்றை மட்டும் சேர்க்க.

இத்தனை மேம்பாடும் பயனற்றுப் போகும் ஓர் இடமும் இத்தீவுகளிலேயே உண்டு. போர்ட் பிளேரிலிருந்து வடக்கே டிக்ளிப்பூர் நோக்கிச் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை, 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்கீழ் காக்கப்படும் ஜாரவா மக்களின் வனப்பகுதியை ஊடறுக்கிறது. அப்பகுதிச் சாலையை மூடுமாறு 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை, ஆயினும் ஜிர்காடாங் சோதனைச்சாவடியிலிருந்து வண்டிகள் காவலுடன், பகலில் மட்டும், அணிவகுத்தே செல்லவேண்டும். அந்தி கவிந்தபின் அங்கே எந்த வண்டியின் விளக்கும் எரிவதற்கில்லை.

எதிரில் வருபவரின் கண்ணுக்காக ஒளியைத் தாழ்த்தும் வழக்கத்தைச் சாலை நமக்குக் கற்றுத்தந்தது. சாலை கேட்டிராத ஒரு மக்களின் இரவுக்காக அதை முற்றிலும் அணைக்கவேண்டும் என்பதைக் காடு கற்றுத்தருகிறது.